நொடிக்கு நூறு முறை

எங்கள் ஆபீஸில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் கிடையாது. லேக் டாக்டர் என்றுதான் சொல்வோம். ஆட்டத்தின் நடுவில் வண்டி திக்கித் திக்கிப் போகிறது, ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஆற அமரத் திரும்புகிறது என்று ஆட்டக்காரர்கள் புலம்புவார்களே, அந்த நோய்க்குப் பெயர் லேக். அதற்கு வைத்தியம் பார்ப்பவர் இவர். நாற்பத்தாறு வயது ஆளுக்கு அறுபது வயதின் அலுப்பு. காலையில் வந்து உட்காரும்போது ஒரு பெருமூச்சு, கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டதும் ஒரு பெருமூச்சு, முதல் புகாரைப் படித்ததும் இன்னொன்று. பதினோரு வருஷமாக எதிர் மேஜையில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டவள் நான். ஒரு நாள் நிஜமாகவே காகிதத்தில் கோடு போட்டு எண்ணினேன். மதியச் சாப்பாட்டுக்குள் முப்பத்தெட்டு.

கம்பெனி பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் மூன்று அறைகள். கார் பந்தய விளையாட்டு ஒன்றை நடத்துகிறோம். இருபத்து நான்கு பேர் அவரவர் ஊரில் உட்கார்ந்து ஒரே பாதையில் வண்டி ஓட்டுவார்கள். யார் வண்டி எங்கே இருக்கிறது, யார் யாரை இடித்தார், யார் முந்தினார் என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் சர்வர். அது ஒரு நொடிக்குள் பல முறை எல்லா வண்டிகளின் நிலையையும் கணக்குப் போட்டு, இருபத்து நான்கு பேருக்கும் ஆளுக்கொரு சேதி அனுப்பும். அப்படி ஒரு தடவை கணக்குப் போடுவதற்குத்தான் பிரேம் என்று பெயர். நொடிக்கு முப்பது பிரேம் என்றால், ஆளுக்கு நொடிக்கு முப்பது சேதி. இவ்வளவுதான் இந்தத் தொழிலின் ரகசியம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு வருஷம் ஆனது, கேட்டால் சொல்லித்தருகிற மனிதர் எதிரிலேயே இருந்தும் எனக்குக் கேட்கத் தோன்றாததால்.

என் வேலை புகார்களுக்குப் பதில் போடுவது. பதில்களை டாக்டர் எப்போதோ எழுதி வைத்துவிட்டார். மொத்தம் பன்னிரண்டு. புகாரைப் படித்து எந்தப் பதில் பொருந்தும் என்று பார்த்து அந்த எண்ணைத் தட்டினால் போதும். பாதிக்கு மேல் ஒன்பதாம் எண்தான் போகும். "எங்கள் சர்வர் நல்ல நிலையில் இயங்குகிறது. கோளாறு உங்கள் இணைப்பிலோ உங்கள் கருவியிலோ இருக்கலாம். மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு உங்கள் இணைப்பைச் சோதித்துப் பார்க்கவும்." ஒரு நாளைக்கு அறுபது முறை இதை அனுப்பியிருக்கிறேன். அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். அதனால் இந்தக் கதையில் நான் யாரையும் குற்றம் சொல்கிற இடத்தில் இல்லை. ஆனாலும் சொல்வேன்.

டாக்டருக்கு ஒரு அண்ணன். எட்டு வயது பெரியவர், அதனால் நான் பெரியவர் என்றே சொல்லிவிடுகிறேன். மலைப்பக்கம் ஒரு ஆற்றின் மேல் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே உயரக் கிரேன் ஓட்டுபவர் அவர். பதினெட்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, இரண்டு கைக்கும் இரண்டு லீவர், கீழே எறும்பு மாதிரி ஆட்கள். பத்து டன் இரும்பை அவர்கள் தலைக்கு மேலே கொண்டுபோய் ஒரு சாண் இடைவெளியில் இறக்க வேண்டும். முப்பது வருஷத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவைக்காதவர் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தன்னைப் பற்றி அவர் ஒரு நாளும் பெருமை பேசியதில்லை. அண்ணன் கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் நிறுத்த மாட்டார்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் போனில் பேசத் தெரியாது. டாக்டருக்கு ஹெட்போன் மாட்டி மாட்டிக் காது புண்ணாகிவிட்டதால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்துவிடுவார். எனக்கு எல்லாம் கேட்கும். "சாப்டியாடா?" "ஆச்சுண்ணே. நீ?" "ஆச்சு." "வேற என்ன?" "ஒண்ணுமில்ல." "சரி, வெச்சிடவா?" முடிந்தது. எண்ணி இருபது நொடி. இதற்கு எதற்குப் போன் என்று நான் கேட்டே விட்டேன் ஒரு நாள். அதற்கும் ஒரு பெருமூச்சு.

ஆனால் சாயங்காலம் நாலு மணி என்றால் வேறு ஆட்கள். பெரியவருக்கு மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்துவிடும். கேம்ப் அறைக்கு வந்து குளித்துவிட்டு, போனில் வருகிற சிக்னலை வைத்தே நாலு மணிக்கு எங்கள் பன்னிரண்டு சர்வர்களில் மூன்றாம் நம்பரில், மற்ற ஆட்டக்காரர்களுக்கு நடுவே வண்டியோடு வந்து நிற்பார். இவர் இங்கேயிருந்து இன்னொரு வண்டி. முதலாளியிடம் இதற்கு 'டெஸ்டிங்' என்று பெயர். போனை ஸ்பீக்கரில் விட்டு ஓட்டுகிற அந்த அரை மணி நேரம் மட்டும் டாக்டருக்கு முதுகு நேராகிவிடும். "அண்ணே, இடிச்ச இல்ல? பாத்துக்கிறேன் இரு!" "போடா, பிரேக்கு எங்க இருக்குன்னே தெரியல, நீயெல்லாம் வண்டி ஓட்ட வந்துட்ட!" இப்படி ஆறு வருஷம். அந்த அரை மணியில்தான் அண்ணிக்கு முட்டி வலி, மகளுக்கு வரன் தள்ளிப்போவது, இவர் சர்க்கரை அளவு எல்லாம் பேசி முடிப்பார்கள், வளைவுகளுக்கு நடுவில். பத்தில் எட்டு ஆட்டம் பெரியவர்தான் ஜெயிப்பார். "என் கை எப்படி இருக்குன்னு எனக்கு இதுலதாண்டா தெரியுது" என்பார். அதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் பிறகுதான் தெரிந்தது.

நூறு வந்த கதைக்கு வருகிறேன். போட்டிக் கம்பெனிக்காரன் ஒருவன் 'நொடிக்கு நூறு பிரேம்' என்று விளம்பரம் போட்டான். எங்கள் முதலாளி அதைத் தன் போனில் எடுத்துவந்து டாக்டரின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"நம்மகிட்ட வெறும் முப்பதா சார்? வெளிய சொல்லவே கூச்சமா இருக்கு."

"முப்பது போதும் சார்," என்றார் டாக்டர். "நூறு வெச்சா போற டிராபிக் மூணு மடங்குக்கு மேல ஆயிடும். ஒவ்வொரு சேதிக்கும் மேல ஒரு கவர் இருக்கு, உள்ள ஒரே வரி எழுதினாலும் கவரோட எடை குறையாது. அதுவும் போக, இருபத்து நாலு வண்டியும் ஒரே வளைவுல முட்டிக்கிட்டா மெஷினால நூறு போட முடியாது. அறுபது, எழுபதுன்னு தடுமாறும். தடுமாறுற நூறை விட சீரா வர்ற முப்பதுதான் ஓட்டுறவன் கைக்கு நல்லா இருக்கும்."

"புது மெஷின் வாங்கித் தர்றேன். அப்புறம்?"

"லைன் மெலிசா இருக்கிறவங்களுக்குக் கஷ்டம் சார்."

"அப்படி எத்தனை பேரு?"

"நூத்துக்கு ஒரு நாலு பேரு இருப்பாங்க."

"நாலு பேருக்காக மிச்சத் தொண்ணூத்தாறு பேரையும் அவன்கிட்ட அனுப்பிடலாங்கிறீங்களா?"

"மாத்திடறேன் சார்" என்றார் டாக்டர். முதலாளி போனதும் நான் பொரிந்து தள்ளினேன். இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிற மனுஷன் இன்னும் இரண்டு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா? "எதுக்கும்மா வம்பு," என்றார். "பேசிப் பேசி என்னத்தக் கண்டோம். நூறு வேணும்னா நூறு." அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

புது மெஷின் வந்தது. எண்ணை முப்பதிலிருந்து நூறாக மாற்ற அவருக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாளே ஆட்டக்காரர்கள் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்று எழுதினார்கள். அவர்களில் பாதிப் பேரின் திரையில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது என்று டாக்டர் முணுமுணுத்தார். எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்களை யார் தடுக்க முடியும். முதலாளி இனிப்பு வாங்கிவந்தார். சர்வர் இருக்கும் இடத்திலிருந்து சேதிகள் வெளியே போகிற பெரிய குழாயில் கால் பங்குதான் நிரம்பியிருந்தது. அதைக் காட்டும் கிராஃப் பச்சையாக இருந்தது. டாக்டர் பார்ப்பது அந்தக் கிராஃபைத்தான்.

அந்த வாரம் நாலு மணி ஆட்டத்தில் பெரியவர் ஏழாவதாக வந்தார். மறுநாள் பதினொன்று. அதற்கு அடுத்த நாள் சுவரில் போய் முட்டினார்.

"டேய், வண்டி லேட்டா திரும்புதுடா," என்றார். "நான் திருப்பி, ஒரு மூச்சு விட்டதுக்கப்புறம் திரும்புது."

டாக்டருக்கு அன்றைக்கு நாற்பத்திரண்டு புகார் பாக்கி. கிராஃபைப் பார்த்தார். "சர்வர் நல்லா இருக்குண்ணே. உன் லைனா இருக்கும். ஆட்டத்த மூடு. எல்லாத்தையும் மூடிட்டு லைன் டெஸ்ட் போட்டுப் பாரு. வேற எதுவும் ஓடாம இருந்தாதான் சுத்தமா தெரியும்."

இது எங்கள் தொழிலில் எல்லாரும் சொல்வது. நானும் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். பெரியவர் சொன்னபடியே எல்லாவற்றையும் மூடிவிட்டு டெஸ்ட் போட்டார். ஒரு சேதி போய்த் திரும்பிவர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அது சொல்லும். ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் அறுபது பங்கு. அருமையான லைன்.

"அறுபது காட்டுதுடா."

"லைன் பளிங்கு மாதிரி இருக்கேண்ணே. இங்கயும் ஒண்ணும் இல்ல."

"அப்ப என்னதாண்டா?"

டாக்டர் அடுத்த புகாரைத் திறந்துகொண்டே சொன்னார்: "அப்ப உன் கைதான். அம்பத்திநாலு வயசாச்சு, இன்னும் இருபத்தஞ்சுன்னு நெனப்பா?"

நான் சிரித்தேன். டாக்டரும் லேசாகச் சிரித்தார். போனிலிருந்து சிரிப்புச் சத்தம் வரவில்லை.

மூன்று வாரம் பெரியவர் விடாமல் வந்தார். அவருடைய வண்டி மற்றவர்கள் திரையில் ஓடவில்லை, குதித்தது. இங்கே இருக்கும், காணாமல் போகும், பத்தடி தள்ளித் தெரியும். ஆட்டக்காரர்கள் அவருக்குத் தவளை என்று பெயர் வைத்தார்கள். அவர் உள்ளே வந்ததும் "தவளை வந்தாச்சு, ஓரம் போங்க" என்று எழுதுவார்கள். ஒரு ஆளை வெளியேற்ற ஓட்டுப் போடுகிற வசதி எங்கள் ஆட்டத்தில் உண்டு. ஒரே வாரத்தில் மூன்று முறை அவரை ஓட்டுப் போட்டு வெளியே தள்ளினார்கள். அதைத் தடுக்கிற அதிகாரம் டாக்டருக்கு இருந்தது. ஒரு முறை தடுத்தார். இரண்டாம் முறை, "சொந்தக்காரன்னு தெரிஞ்சா என்னையும் சேத்துக் கிழிப்பானுங்க" என்று விட்டுவிட்டார். அதற்கப்புறம் நாலு மணிக்குப் பெரியவரின் வண்டி வருவது நின்றுபோனது. வேலை ஜாஸ்தி என்று சொன்னாராம்.

இரண்டு மூன்று நாள் டாக்டர் நாலு மணிக்கு மூன்றாம் நம்பர் சர்வரைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு அதுவும் இல்லை. பெருமூச்சுகூடக் குறைந்துவிட்டது. பெருமூச்சு விடவும் கொஞ்சம் தெம்பு வேண்டும் போலிருக்கிறது. அவர் வீட்டம்மா எனக்குப் போன் போட்டு, "ஆபீஸ்ல ஏதாவது பிரச்சனையாங்க, வீட்டுல வாயே திறக்க மாட்டேங்கிறார்" என்று கேட்டார். எப்போதும்போலத்தான் இருக்கிறார் என்று சொன்னேன். பொய் இல்லை. எப்போதும் அப்படித்தானே இருப்பார்.

மாதம் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது பெரியவரே கூப்பிட்டார், சாப்பாட்டு வேளையில். வழக்கமான சாப்டியா முடிந்ததும் வைக்கவில்லை.

"மாசக் கடைசில படிவம் வருதுடா."

"என்ன படிவம்?"

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவ வருமே. கண்ணும் கையும் சரியா இருக்கு, மேல ஏறி ஓட்டலாம்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"அதுக்குத்தான் வைத்தியர் இருப்பாரே அங்க."

"அவரு கண்ணைப் பாப்பாரு, ரத்தக் கொதிப்பு பாப்பாரு. கைவேகத்த யாரு பாக்கிறா? அத நாமதான் மனசாட்சியோட எழுதணும். முன்னாடி வேலை பாத்த எடத்துல ஒருத்தரு கண்ணு மங்குனத மறைச்சு ஓட்டினாரு. சொல்லியிருக்கேன்ல உனக்கு? கீழ நின்னவனுக்குக் கால் போச்சு. இன்னும் அவன் மொகம் கண்ணுலயே இருக்குடா."

"ம்."

"இப்பல்லாம் நான் மெதுவாத்தான் எறக்குறேன். மணிக்குப் பன்னெண்டு தூக்கிட்டிருந்தவன், இப்ப எட்டு. மேஸ்திரி கேட்டுட்டாரு, என்ன ஆச்சுன்னு. வேகமா எறக்கப் பயமா இருக்குடா. ஆட்டத்துல லேட்டாத் திரும்பற கை, மேல மட்டும் சரியாத் திரும்புமா?"

இதைக் கேட்டதும் என் கையிலிருந்த கரண்டி நின்றது. டாக்டரைப் பார்த்தேன். அவர் இடது கையால் சாப்பாட்டுப் பாத்திரத்தை நகர்த்திவிட்டு வலது கை விரலால் திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். எட்டாம் நம்பர் சர்வர் காலையிலிருந்து தகராறு.

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுண்ணே. ரொம்ப யோசிக்காத," என்றார்.

"யோசிக்காம எப்படிடா? கீழ நிக்கிறவனெல்லாம் புள்ளகுட்டிக்காரன்."

"சரிண்ணே, ராத்திரி கூப்பிடறேன். இங்க ஒரு சர்வர் படுத்துக்கிச்சு."

ராத்திரி கூப்பிட்டாரா என்று நான் மறுநாள் கேட்டேன். தூங்கிவிட்டாராம். அதை அவர் சொன்ன விதத்தில் எனக்கு எரிச்சல்கூட வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. நாள் முழுக்க ஊரார் வண்டியின் தாமதத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர் வீட்டுப் படியேறும்போது அவரிடம் மிச்சம் ஒன்றும் இருக்காது. அடுத்த நாள் ஞாபகப்படுத்தலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் எனக்கே மறந்துவிட்டது.

மாதம் முடிந்து ஏழெட்டு நாள் கழித்து, சாக்கடை தோண்டுகிறவர்கள் எங்கள் தெருவில் இன்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆபீஸ் மொத்தமும் இருட்டில் விட்ட மாதிரி ஆனது. மற்றவர்கள் ஜாலியாக வீட்டுக்குக் கிளம்பினார்கள். சர்வர்கள் வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தன, அவற்றை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டாக்டர் இருந்தார். தனியாக விட்டுப் போக மனசில்லாமல் நானும் இருந்தேன். என் போனிலிருந்து அவர் கம்ப்யூட்டருக்கு இணைப்புக் கொடுத்தோம். இரும்பு அலமாரிகளுக்கு நடுவே சிக்னல் ஒரே ஒரு கட்டைதான் வந்தது.

வேலையெல்லாம் எழுத்துக் கட்டளைகள், அதற்கு அந்த ஒரு கட்டை போதும். மூன்று மணி வாக்கில் ஒரு புகாரைச் சரிபார்க்க ஆட்டத்தைத் திறந்தார். மூன்றாம் நம்பர் சர்வர். வண்டியைக் கிளப்பினார். முதல் வளைவிலேயே சுவரில் முட்டினார். இரண்டாம் முறையும் முட்டினார்.

"லேட்டா திரும்புது," என்றார்.

"என் போன் லைன் டாக்டர், அப்படித்தான் இருக்கும்," என்றேன் நான். ஒன்பதாம் நம்பர் எனக்கு வாயிலேயே இருக்கிறது.

ஆட்டத்தை மூடினார். லைன் டெஸ்ட் போட்டார். அறுபத்தைந்து. நல்ல லைன். அவர் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, கீழே துணிக்கடையில் ஷட்டர் ஒருமுறை இறங்கி ஏறியது. பிறகு ஆட்டத்தை மறுபடி திறந்தார். இந்த முறை மூடவில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இன்னொரு ஜன்னலில் டெஸ்டையும் ஓடவிட்டார். நான் எழுந்துபோய் அவர் பின்னால் நின்றேன். அறுபத்தைந்து. தொண்ணூறு. இருநூற்றுப் பத்து. முந்நூற்று எழுபது. ஐந்நூற்று நாற்பது. அங்கேயே நின்றது.

எனக்கே புரிந்துவிட்டது. நூறு சேதி ஒரு நொடிக்கு. அந்த மெல்லிய லைனுக்கு எழுபதோ என்னமோதான் தாங்கும். வாய் குறுகின புட்டியில் வாளியைக் கவிழ்த்த மாதிரி, மிச்சமெல்லாம் போன் டவரில் வரிசையில் நிற்கிறது. நம் கண்ணுக்கு வருவது அரை நொடிக்கு முந்தைய பழைய சேதி. வரிசை நிரம்பிவிட்டால் பாதிச் சேதியைத் தூக்கி எறிந்துவிடும், நாம் அனுப்புவதும் அந்த நெரிசலில் சிக்கி மற்றவர்கள் திரையில் வண்டி தவளையாகும். ஆட்டத்தை மூடினால் வரிசை கரைந்துவிடும். அப்போது போய் டெஸ்ட் போட்டால் லைன் பளிங்குதான்.

டாக்டர் சர்வருக்குள் போய் நூறை முப்பதாக்கினார். டெஸ்ட் சரசரவென்று இறங்கி அறுபத்தைந்துக்கு வந்தது. வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. மறுபடி நூறு வைத்தார். ஐந்நூற்று நாற்பது. முப்பது. அறுபத்தைந்து. நூறு. முப்பது. அதே போன், அதே ஒரு கட்டை, அதே கை. பத்துத் தடவைக்கு மேல் மாற்றிப் பார்த்திருப்பார். "போதும் டாக்டர்" என்று நான்தான் சொன்னேன். கடைசியில் முப்பதில் விட்டார். யாரையும் கேட்கவில்லை. மற்ற பதினொரு சர்வரையும் வரிசையாக முப்பதுக்கு மாற்றினார்.

"அந்த நாலு பேரு," என்றார். "நூத்துக்கு நாலு பேருன்னு என் வாயாலதான் சொன்னேன். அதுல ஒருத்தன் அவன்."

அண்ணனை அவர் அவன் இவன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. போனை எடுத்து மேஜை மேல் வைத்துக் கூப்பிட்டார்.

"அண்ணே, உடனே ஆட்டத்துக்குள்ள வா. ஒரே ஒரு ரவுண்டு."

"வேலையில இருக்கேன்டா."

"மூணு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சிருக்குமே?"

"இப்ப அஞ்சரை வரைக்கும். ஸ்டோர்ல போட்டிருக்காங்க. நட்டு, போல்ட்டு எடுத்துக் குடுக்கிற வேலை." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "உக்காந்த எடத்துலயே வேலை, நல்லாத்தான் இருக்கு. படி ஏற வேண்டாம்."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். மூடிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நூறு, முப்பது, வரிசை, பழைய சேதி, மூடிவிட்டுப் போட்ட டெஸ்ட். தொழில் பேச்சாக ஆரம்பித்து, "தப்பு என்னோடதுண்ணே. சர்வர மாத்துனது நான். டெஸ்ட்ட தப்பா போடச் சொன்னதும் நான். கெடுதல்னு தெரிஞ்சேதான் மாத்துனேன்" என்று முடித்தார். முதலாளி பேச்சையே எடுக்கவில்லை.

அந்தப் பக்கம் யாரோ வாஷர் கேட்டார்கள். பெரியவர் எத்தனை என்று கேட்டு எடுத்துக்கொடுப்பது கேட்டது. பிறகு போனுக்கு வந்தார்.

"அப்ப நான் திருப்பினது சரியான நேரத்துக்குத்தானா?"

"சரியான நேரத்துக்குத்தாண்ணே. உனக்கு வந்த சேதிதான் பழசு."

"கைக்கு ஒண்ணும் இல்ல?"

"ஒண்ணும் இல்லண்ணே. நீ திரும்ப மேல ஏறு. நான் வேணா நேர்ல வந்து உங்க ஆபீசருகிட்ட சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ? விளையாட்டுல கோளாறுன்னா?" பெரியவர் சிரித்த மாதிரி இருந்தது. "வேற ஆளு ஏறிட்டாண்டா. நல்லாத்தான் ஓட்டுறான். கைவேகம் போச்சுன்னு நானே என் கையால எழுதிக் குடுத்திருக்கேன். அப்படி எழுதிக் குடுத்தவன எவன் திரும்ப மேல ஏத்துவான்? நானே அந்த எடத்துல இருந்தாலும் ஏத்த மாட்டேன்."

பெரியவரே தொடர்ந்தார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

"தெனம் காலையில டம்ளர் முட்டத் தண்ணி ஊத்தி, கைய நீட்டிப் புறங்கை மேல வெச்சுப் பாப்பேன்டா. அந்த மாசம் பூரா பாத்தேன். கையெழுத்துப் போட்ட அன்னிக்கும் பாத்தேன். ஒரு சொட்டு சிந்தல."

"அப்பறம் ஏண்ணே?" டாக்டர் போன் மேல் குனிந்தார். "அப்பறம் ஏண்ணே எழுதிக் குடுத்த?"

பெரியவர் கோபமே இல்லாமல், இது என்ன கேள்வி என்பது போலத்தான் பதில் சொன்னார்.

"நீதானேடா சொன்ன, கைதான்னு."